மீனுக்கு முன் குடியேற வேண்டியவை

மீன் தின்னும் புரதம் செரித்த பின், உடலில் சேராத நைட்ரஜனின் பெரும்பங்கு அம்மோனியாவாக மாறி, செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் இது ஒரு பொருட்டே அல்ல. நீரின் பரப்பு அதை நீர்க்கச் செய்துவிடுகிறது. மிச்சத்தைப் பாசியும் செடியும் சேற்று நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. 100 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. 40 விழுக்காடு புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், சுமார் 35 மில்லிகிராம் அம்மோனியா திரும்பி வரும். நாளுக்கு ஒன்றரை கிராம் தின்னும் மீன்கூட்டம் அந்தத் தொட்டியில் இருந்தால், லிட்டருக்கு அரை மில்லிகிராம் வீதம் தினமும் ஏறும். நான்காம் நாள் அது இரண்டு மில்லிகிராமைத் தொடும். அப்போதும் தண்ணீர் பளிங்காகத்தான் இருக்கும், ஏனெனில் அம்மோனியாவுக்கு நிறமில்லை.

சென்னை கொளத்தூரிலோ வேறெங்கோ ஞாயிற்றுக்கிழமை தொட்டி, கூழாங்கல், மோட்டார், மீன் என எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவரும் வீடுகளில், அடுத்த ஞாயிறுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்குவது இதனால்தான். பழி வழக்கமாகக் கடைக்காரர் மீது விழும். மீன் நல்ல மீனாகவே இருந்திருக்கலாம். தொட்டிதான் தயாராகவில்லை.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது மீனுக்குத் தீங்கு குறைவு. அயனியாகாத அம்மோனியா செவுளின் மெல்லிய சவ்வைக் கடந்து உள்ளே சென்று நஞ்சாகிறது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை நீரின் பி.எச். அளவும் வெப்பமும். 28 பாகை செல்சியஸில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருப்பதில்லை. அதே நீரின் பி.எச். 8 ஆனால் அது ஆறேழு பங்காகிவிடும். கடினமான ஆழ்குழாய் நீரில் மீன் சீக்கிரம் மடிவதற்கும், மென்மையான நீரில் அதே அளவு அம்மோனியாவைச் சில நாள் தாங்குவதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

இந்த நஞ்சை அகற்றுவது நைட்ரேட்டாக்கம் எனப்படும் உயிர்வினை. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை ஆக்ஸிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்குகின்றன. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இடையில் வரும் நைட்ரைட்டும் சாதுவான பொருள் அல்ல. அது மீனின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் ஏந்த முடியாத மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடும். இரத்தம் பழுப்பேறும், தண்ணீரில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தாலும் மீனுக்கு மூச்சுத் திணறும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் ஒப்பளவில் தீங்கு குறைந்தது. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே அதைக் கட்டுக்குள் வைக்கலாம்.

இந்த அறிவு வந்த வழியில் ஒரு குடும்பக் கதை உண்டு. கண்ணாடித் தொட்டியில் மீனையும் செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்தால் நீரை மாற்றாமலே நெடுநாள் காக்கலாம் என்று 1850-இல் லண்டனில் காட்டியவர் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். அவர் கவனித்தது ஆக்ஸிஜனும் கரிவளியும் கைமாறுவதை; நைட்ரஜன் அவர் கணக்கில் இல்லை. அதே பெயர் கொண்ட அவர் மகன் வேளாண் வேதியியலாளரானார். ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அவரே நைட்ரேட்டாக்கம் இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். தந்தையின் தொட்டிக்குத் தேவைப்பட்ட விளக்கம் மகனின் வயலிலிருந்து வந்தது.

மகனைத் தூண்டியது பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் 1877-இல் வெளியிட்ட சோதனை. மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். 20 நாள் வரை ஒன்றும் நிகழவில்லை. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்கும். அந்த 20 நாள் காத்திருப்பே உயிர் பெருகுவதற்கான காலம் என்று ஊகித்தார்கள். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் வினை நின்றது. ஆவியை நீக்கி, மண் கலந்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. மீனில்லாமல் தொட்டியைப் பழக்கும் இன்றைய முறையின் எல்லா உறுப்புகளும் அந்தக் குழாயில் இருக்கின்றன: பரப்பு மிகுந்த ஊடகம், வெளியிலிருந்து ஊட்டிய அம்மோனியா, பொறுமை, வேண்டுமானால் வித்தாக ஒரு பிடி மண்.

அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றார்கள். ஜெலட்டின் போன்ற கரிம உணவில் அவை வளர மறுத்தன. கரிமப் பொருளே இல்லாத ஊடகத்தில் வளர்த்து, 1890-இல் ஜூரிச்சில் வெற்றி கண்டவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அவை அம்மோனியாவையோ நைட்ரைட்டையோ எரித்து ஆற்றல் பெறுகின்றன. உடலைக் கட்டும் கரியைக் கரைந்த கரிவளியிலிருந்து எடுக்கின்றன. அந்த எரிப்பில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆகவே வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். குடலில் வாழும் ஈ. கோலி 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு நல்ல சூழலிலும் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். புதுத் தொட்டி வாரக்கணக்கில் காத்திருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

தொட்டியில் இந்த வேலையைச் செய்பவர் யார் என்பதில் பாடநூல்கள் நெடுங்காலம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களைச் சொல்லி வந்தன. 1998-இல் வந்த ஆய்வொன்று நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று காட்டியது. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சிச்சாலையின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, அம்மோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவே அல்லாத இந்தக் குலத்தின் உறவினர்கள் நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களிலும் மிகுதியாக வாழ்வது பின்னர் தெரிந்தது. 2015-இல், இரண்டு படிகளையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் கண்டறியப்பட்டன. ஆய்வகத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் வீட்டுத் தொட்டியில் செய்ய வேண்டியது மாறவில்லை.

தொட்டியைப் பழக்குவதை மீன் வளர்ப்போர் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். பழைய வழக்கம், விலை மலிந்த, தாக்குப்பிடிக்கும் மீன் நான்கைந்தை முதலில் விட்டு, அவற்றின் கழிவால் நுண்ணுயிரை வளர்ப்பது. கப்பியும் மோலியும் டேனியோவும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்குப் பலியாகியிருக்கின்றன. முறை பலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உயிர் தப்பும் மீனும் வெந்த செவுளோடுதான் தப்புகிறது. போதாக்குறைக்கு, மீனைக் காக்க அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும்; மாற்ற மாற்ற நுண்ணுயிருக்கு உணவு குறைந்து வேலை நீளும். மீனில்லாத சைக்கிளிங்கில் இந்த இழுபறி இல்லை. அம்மோனியாவை அளந்து ஊற்றலாம். நைட்ரைட் எவ்வளவு ஏறினாலும் துன்பப்பட அங்கே யாரும் இல்லை.

முதலில் தொட்டியை முழுமையாக அமைத்துவிட வேண்டும்: மணல், கல், மரக்கட்டை, ஃபில்டர், ஏர் பம்ப். நைட்ரேட்டாக்க உயிர்கள் நீரில் மிதப்பதைவிட, பரப்புகளில் பிசின்போல் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. ஸ்பாஞ்சும் செராமிக் வளையமும் ஃபில்டரில் வைக்கப்படுவது அதற்குத்தான். தொட்டித் தண்ணீரில் அவை மிகக் குறைவு. எனவே பழைய தொட்டித் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அதே தொட்டியின் அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஒரே எச்சரிக்கை, நோய் வந்த தொட்டியிலிருந்து அதை எடுக்கக்கூடாது. கடைகளில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவில் சில நல்லவை. சிலவற்றில் இருப்பது கரிமக் கழிவைத் தின்னும் பேசில்லஸ் வகை மட்டுமே. அது வித்துவடிவில் ஆண்டுக்கணக்கில் பாட்டிலில் தூங்கும். நைட்ரேட்டாக்க பாக்டீரியா வித்தாவதில்லை. அது வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்த பாட்டிலில் உயிரோடு இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

குழாய்நீரில் உள்ள குளோரின் இந்த உயிர்களைக் கொல்லும். ஏர் பம்பை ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கிடைப்பது பொதுவாகச் சோடியம் தயோசல்ஃபேட். அது உடனே வேலை செய்யும். குளோரமின் கலந்த நீர் என்றால் காத்திருப்பதால் பயனில்லை, மருந்து சேர்த்தே ஆக வேண்டும். வெப்பம் 26 முதல் 30 பாகை வரை இருப்பது நல்லது. தமிழகக் கடலோர ஊர்களில் அதற்கு ஹீட்டர் பெரும்பாலான மாதங்களில் தேவைப்படாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தேவைப்படும். வெப்பம் கூடினால் வேறொரு கணக்கு வருகிறது. 30 பாகையில் நன்னீர் ஏந்தக்கூடிய ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். இரண்டு மில்லிகிராம் அம்மோனியாவை நைட்ரேட் வரை கொண்டுபோகக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆக்ஸிஜனும் செலவாகும். ஆகவே காற்றுக் குமிழிகள் இரவும் பகலும் நிற்கக்கூடாது. விளக்கை அணைத்தே வைக்கலாம். நுண்ணுயிருக்கு வெளிச்சம் வேண்டாம். எரியவிட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

அம்மோனியாவுக்குப் பல வழிகள் உண்டு. ஒரு துண்டு இறாலையோ தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தையோ போட்டு அழுகவிடுவது எளிய வழி. ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது கையில் இல்லை. நாற்றமும் கலங்கலும் உபரி. அம்மோனியம் குளோரைடு என்ற உப்பு இதைவிடத் துல்லியமானது. நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்துவதும் இதே பொருள்தான் என்றாலும், அங்கே தூய்மைக்கு உறுதியில்லை. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. வீட்டுத் தராசில் அரை கிராமை நிறுக்க முடியாது. அதனால் 32 கிராம் உப்பை ஒரு லிட்டர் கரைசலாக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் 20 மில்லிலிட்டர், 100 லிட்டர் நீரில் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியாவைத் தரும். சுத்தம் செய்யும் அம்மோனியாத் திரவம் கிடைத்தால், அதில் மணமோ நுரைப்பொருளோ சேர்ந்திருக்கக்கூடாது. குப்பியைக் குலுக்கும்போது நுரை தங்கினால் அது ஆகாது.

முதல் ஊற்றுக்கு இரண்டு மில்லிகிராம் போதும். சிலர் நான்கு வரை போகிறார்கள். ஐந்துக்கு மேல் போனால் உதவ வந்த உயிர்களையே அது மட்டுப்படுத்தும். அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அளந்தால் போதுமானது. முதல் வாரம் எண் அசையாமல் நிற்கும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். இரண்டாம் வாரத்தை ஒட்டி அம்மோனியா இறங்கத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா தீரும்போதெல்லாம் மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா 2.7 மில்லிகிராம் நைட்ரைட்டாகிறது. எனவே நைட்ரைட் எண் விறுவிறுவென ஏறி, சோதனைப் பெட்டியின் கடைசி நிறத்தையும் தாண்டிவிடும். அப்போது மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்தால்தான் உண்மை தெரியும். நைட்ரைட் மிகக் கூடிவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றுவதில் தவறில்லை. உயிர்கள் ஒட்டியிருப்பது ஸ்பாஞ்சில்தான். இரண்டாம் கூட்டம் பெருக முதல் கூட்டத்தைவிட அதிக நாள் எடுக்கும். பிறகு ஒரு நாள், முந்தின மாலை கருஞ்சிவப்பாக இருந்த சோதனை நீர் வெளிறியிருக்கும். மொத்தத்தில் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம்.

நைட்ரேட் எண்ணை நடுவில் நம்பக்கூடாது. பெரும்பாலான பெட்டிகள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக்கி, அந்த நிறத்தையே அளக்கின்றன. தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் நைட்ரேட் என்று காட்டும்.

நன்றாக நடந்துகொண்டிருந்த சைக்கிளிங் திடீரென நின்றுபோவதும் உண்டு. அதற்கு மிகப் பொதுவான காரணம் அமிலத்தன்மை. அம்மோனியம் ஆக்ஸிஜனேறும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன. நீரில் உள்ள பைகார்பனேட் அவற்றை விழுங்கித் தீர்கிறது. இரண்டு மில்லிகிராம் வீதம் பத்து முறை ஊற்றினால், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்குச் சுமார் 117 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். கடினமான ஆழ்குழாய் நீருக்கு இது தாங்கக்கூடியதே. வீட்டு ஆர்.ஓ. நீரிலோ மழைநீரிலோ அவ்வளவு இருப்பே இல்லை. பி.எச். 6.5-க்குக் கீழே வேகம் குறையும். 6-ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். 100 லிட்டருக்கு ஐந்து கிராம் ஆப்ப சோடா 30 மில்லிகிராம் காரத்தன்மையைத் திருப்பித் தரும். ஃபில்டருக்குள் ஒரு பிடி கழுவிய கிளிஞ்சலைப் போட்டு வைப்பது நின்று பயன் தரும் ஏற்பாடு. ஷ்லோசிங், முன்ட்ஸ் குழாயில் மணலோடு கிடந்த சுண்ணாம்புக்கல்லும் இதே வேலையைத்தான் செய்தது. பி.எச். சரியாக இருந்தும் வினை நின்றால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம். தூய உப்பும் ஆர்.ஓ. நீரும் மட்டும் உள்ள தொட்டியில் அது எங்கிருந்து வரும்? ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டாலே அந்தக் குறை தீரும்.

தொட்டி தயாரா என்பதற்கு நாள்கணக்கு சான்றாகாது. இரண்டு மில்லிகிராம் அம்மோனியா ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அளக்கும்போது அம்மோனியாவும் சுழி, நைட்ரைட்டும் சுழி என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வந்தால் தொட்டி தயார். முன்னே சொன்ன மீன்கூட்டம் நாளுக்கு அரை மில்லிகிராம்தான் ஏற்றும். ஆகவே இந்தத் தேர்வில் தேறிய தொட்டிக்கு நான்கு மடங்கு திறன் கையிருப்பில் இருக்கும். அதற்குள் நைட்ரேட் மலைபோல் சேர்ந்திருக்கும். பத்து ஊற்றுக்கு லிட்டருக்கு எழுபது மில்லிகிராமுக்கு மேல். குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் தொட்டியின் முக்கால் பங்குக்கு மேல் மாற்றிய பிறகு, ஒரு நாளுக்குள் மீனை விடலாம். மீன் வரத் தாமதமானால், நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்காமலிருக்க ஓரிரு நாளுக்கொருமுறை ஒரு மில்லிகிராம் அம்மோனியாவை ஊற்றி வரவேண்டும்.

நெருக்கமாகச் செடி நட்ட தொட்டிகளுக்கு இவ்வளவு சடங்கு வேண்டியதில்லை. வேகமாக வளரும் செடிகள் அம்மோனியத்தை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். நுண்ணுயிர் பின்னால் மெல்ல வந்து சேரும். ஆனால் புதிதாக நட்ட செடி வேர்பிடிக்கும் வரை உறிஞ்சுவதைவிட இலை அழுகித் தருவது அதிகமாக இருக்கலாம் என்பதால், அங்கும் சோதனைப் பெட்டியைத் தள்ளிவைக்க முடியாது.

மீன் வந்த முதல் இரண்டு வாரம் தீவனத்தைக் குறைத்துப் போட்டு, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்ப்பது வழக்கம். நியான் டெட்ரா போன்ற நொய்ந்த மீன்களைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிய வேண்டும். குழாயடியில் கழுவினால் ஆறு வார உழைப்பு ஐந்து நிமிடத்தில் குளோரினோடு போகும். நோய்க்கு ஊற்றும் மெத்திலீன் நீலமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இந்தக் கூட்டத்தையும் தாக்கக்கூடும். எனவே சிகிச்சையைத் தனித்தொட்டியில் வைத்துக்கொள்வதே சரி. மின்வெட்டு மணிக்கணக்கில் நீளும் ஊர்களில், மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நுண்ணுயிர் மடியத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் தொட்டிக்குள் திறந்தவாக்கில் நிற்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இங்கே கைகொடுக்கும். நெடுநேரம் நின்ற கேனிஸ்டரை மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடக்கூடாது. அதனுள் தேங்கிய நீரை வெளியே கொட்டி, ஊடகத்தைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.